குறுக்கே

வாரத்தில் ஆறு நாள் நான் மேலும் கீழும்.
கிரீஸ் வாளியோடு லிஃப்ட் குழிக்குள் இறங்கி
இருபத்திரண்டாம் மாடியின் தலைக்கு மேல் வெளிவருவேன்.
இந்த வெள்ளி
குறுக்கே போகலாம் என்று தோன்றியது.

ஃபர்வானியா இன்னும் விடியவில்லை.
அறையில் ஏழு போர்வை, ஆறு குறட்டை.
"எங்கடா?" என்றான் வியாகுலம், கண் திறக்காமல்.
"நடக்க."
"கடை திறந்திருக்காது" என்று திரும்பிப் படுத்தான்.

பழைய துணிச் சந்தையில் ஒன்றேகால் தினாருக்கு வாங்கிய கோட்டு.
எனக்கு முன் இதற்குள் யாரோ ஒரு நெட்டையன் குளிர்ந்திருக்கிறான்:
கை என் விரல்நுனியைத் தாண்டித் தொங்குகிறது,
உள்பையில் எந்த நாட்டுடையதென்று தெரியாத ஒரு காசு.
எடுக்கவில்லை. அவன் பங்கு.

பேருந்தில்
இரவுக்காவல் முடித்த இருவர், ஒருவர் மடியில் சூடான ரொட்டிக்கட்டு.
ஓட்டுநர் ஃபஸ்லுர், குல்லாய்க்கு மேல் மஃப்ளர்.
கண்ணாடியில் மூச்சுப் படிந்து ஊர் கரைந்தது.
யாரோ விரலால் துடைத்த வட்டத்துக்குள்
ஒரு தண்ணீர்க் கோபுரம் வந்தது, போனது.

ஜஹ்ரா. கடைசி நிறுத்தம்.
இதற்கு மேல் ஒன்றும் இல்லையே என்றார் இந்தியில்.
தெரியும், அதற்குத்தான் என்றேன்.
மழைக்குப் பின் மண்ணுக்குள் விளையும் ஃபகா தேடி வந்தவன்
என்று அவரே முடிவுகட்டித் தலையாட்டினார்.

நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு வழி.
அதற்கப்புறம் நிலத்துக்கு யாரும் எண் போடவில்லை.
போன வார மழை ஓடாக உலர்ந்திருந்தது,
மிதித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.
முழங்கால் உயர அர்ஃபஜ் புதர்கள்,
முந்தாநாள் வரை விறகு,
இன்று கணுவுக்குக் கணு ஒரு பச்சைப் புள்ளி.
வடக்கே முத்லா மேடு, ஒருக்களித்து.
அங்கிருந்து வந்த காற்று கோட்டின் பெரிய கைக்குள் புகுந்து
தோள்வரை ஏறி விசாரித்தது.

பாலைக்குப் பின்பனியும் உரியது என்று
பள்ளியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
காதுமடல் இப்போதுதான் அதைப் படிக்கிறது.

நடப்பவனைக் கண்டால் இந்த நாடு வண்டியை நிறுத்துகிறது.
முதலில், கூடாரத்துக்குப் போகும் ஒரு குடும்பம்.
வண்டி பழுதா?
இல்லை.
வழி தவறிவிட்டாயா?
இல்லை.
அப்படியானால் ஏன்?
என் அரபியில் லிஃப்டுக்குரிய சொற்கள்தான் உண்டு:
கதவு, கயிறு, பொறுங்கள், நாளை.
"நாளை" என்றேன்.
பின்சீட்டுச் சிறுமி இரண்டு வாழைப்பழம் நீட்டினாள்.

பதினொரு மணிக்கு ஒரு தண்ணீர் லாரி.
முகத்தைப் பார்த்தே தமிழில் கேட்டார்,
அறந்தாங்கிப் பக்கத்துப் பேச்சு.
"என்னண்ணே, வண்டி நின்னுபோச்சா?"
"இல்லைங்க. சும்மா."
"சும்மாவா?"
"சும்மாதான்."
மேட்டைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.
"சும்மான்னா... எவ்வளவு தூரம்?"

எனக்குத் தெரியவில்லை.
அவர் எஞ்சினை அணைத்தார்.
லாரிக்கடியில் சொட்டும் தண்ணீர் கேட்டது.
ரப்பர் செருப்போடு, கைகளைப் பின்னால் கட்டி,
மனை பார்க்க வந்தவர் மாதிரி
பத்துப் பதினைந்து அடி கூட வந்தார்.
"இரும்பு எது கிடந்தாலும் தொட்டுடாதீங்க.
சண்டைக் காலத்துது, இன்னும் உசுரோட கிடக்கும்."
ஒட்டகங்கள் காத்திருக்கும் என்று திரும்பினார்.
பாதி வழியில் நின்று
ஒரு புதரைக் குனிந்து முகர்ந்தார்.

மேட்டு விளிம்பில் ஒரு பழம் தின்றேன்.
மற்றது அந்தக் காசோடு உள்பையில்.
தெற்கே விரிகுடா, ஈயத்தகடு.
அதற்கப்பால் என் கட்டடங்கள், சுண்டுவிரல் நகத்தளவு.
அதில் ஏதோ ஒன்றில் யாரோ
பொத்தானை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

நாலரை வண்டி. அதே ஃபஸ்லுர்.
கிடைத்ததா?
கைகளை விரித்துக் காட்டினேன்.
அவர் பார்த்தது கைகளை அல்ல,
கணுக்கால்வரை ஏறியிருந்த மண்ணை.
ஒன்றும் சொல்லாமல் சீட்டைத் தந்தார்.

ஃபர்வானியாவில் இறங்கும்போது, நான் கேட்காமலே:
"அடுத்த வெள்ளி முதல் வண்டி அரைமணி பிந்தும்."